பத்தரை மணித் தண்ணீர்

அக்கா,

இன்று காலை மேசை இழுப்பறையில் சாக்பீஸ் தேடியபோது உங்கள் சாவி கையில் பட்டது. பச்சைப் புடவைக் கரையைக் கிழித்து அதில் கட்டியிருந்தீர்களே, அந்தத் துணியில் இன்னும் பினாயில் வாசனை. நம் பள்ளியில் சக்கர நாற்காலி நுழையக்கூடிய ஒரே கழிப்பறையின் சாவி. நீங்கள் போன பிறகு அங்கே துடைப்பமும் அரிசிச் சாக்கும் குடியேறிவிட்டன; வைத்துப் பூட்டியவர்கள் சாவியை என் மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

நடக்க முடியாத தீபாவை என் மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, நாற்பது பிள்ளைகளோடு இவளையும் எப்படிப் பார்ப்பது என்று முனகினேன். ஆயாவாக இருந்த நீங்கள்தான், "பாடத்த நீங்க பாருங்க மிஸ், பாத்ரூம நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். தினமும் பத்தரை மணிக்கு வந்து அவளுடைய பாட்டிலைத் திறந்து நீட்டுவீர்கள். "குடி கண்ணு. வந்தா வரட்டும், நான் இருக்கேன்ல." அவள் மடமடவென்று குடிப்பாள். அந்த நேரத்தில் நான் பெருக்கல் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பேன்.

உங்களை அடக்கம் செய்த மறுவாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தீபாவுக்குக் கழிப்பறை செல்ல உதவி தேவையா என்று கேட்டிருந்தார்கள். தேவையில்லை என்று எழுதினேன். அந்த வாரம் முழுவதும் அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை அக்கா. சமாளிக்கப் பழகிவிட்டாள் என்று சக ஆசிரியைகளிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

நேற்று அவள் அம்மா ஸ்ரீராம்புரத்திலிருந்து வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். "புள்ள ஸ்கூல்ல ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல மிஸ். பாட்டில் அப்படியே திரும்பி வருது. யூரின் போனா எரியுதுன்னு அழுவுது. போதும் மிஸ், ஸ்கூல விட்டு நிறுத்திடறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் என் கண்ணெதிரே நிறைந்தே நின்ற பாட்டில் அது. இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, வேறு ஆயா கேட்கத் தலைமையாசிரியையிடம் ஓடினேன். "வேணாம்னு நீங்கதானே மிஸ் எழுதிக் கொடுத்தீங்க? இனிமே அடுத்த வருஷ ஃபாரம்லதான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சாவி கிடைத்ததும் சாக்குகளை நானே இழுத்து வெளியே போட்டேன். பத்தரைக்குப் பாட்டிலைத் திறந்து தீபாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கும் வருவீங்களா மிஸ்?"

அவளைத் தூக்கி உட்கார வைத்தால் என் இடுப்பு என்ன ஆகுமோ, திரும்பி வருவதற்குள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடுமே என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது அக்கா. ஆனாலும் வருவேன் என்றேன்.

இரண்டே வாய் குடித்தாள். சற்று நேரம் கழித்துக் கையைத் தூக்கினாள். அழைத்துப் போய் வந்தேன். இடுப்பு வலிக்கிறது. சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.