பல்வலி என்று சொல்லிவிட்டு எழுதிய பரீட்சை

திங்கள், ஜூலை 14

விடிந்ததுமே வெயில். துணி துவைத்துக் காயப்போட்டாயிற்று. லேசாகப் புகைமூட்டம், தொண்டை கரகர.

வியாழக்கிழமை மருத்துவ நுழைவுத் தேர்வு. இரண்டாம் முறை. அம்மா, அப்பா தவிர யாருக்கும் தெரியாது. போன வருடம் லயம் முழுக்க, எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனைக்கும், தெரியும். கோயிலில் அர்ச்சனை, அம்மா விடியற்காலையில் எழுந்து பிடித்த லட்டு, எல்லாம். மாலையில் நான் திரும்பி வந்த முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாள். அந்த லட்டை நாங்களே தின்று தீர்த்தோம். இன்னொரு தடவை அது என்னால் முடியாது.

ஆகவே இந்த வருடம் எனக்குப் பல்வலி. வியாழன் கோலாலம்பூரில் பல் டாக்டர். பக்கத்து வீட்டு மணியம் அங்கிளிடம் இன்றே சொல்லியாயிற்று. அவரிடம் சொன்னால் போதும்.

அப்பா: "பல்வலின்னா கன்னத்துல கை வச்சிட்டு நடலா. இப்படிச் சிரிச்சிட்டுப் போனா எவன் நம்புவான்?"

செவ்வாய்

கிளினிக்கில் கூட்டம். (மம்பாவ் கிளினிக், கவுண்டர் வேலை. படிப்புக்கு நடுவில் இதுவும்.) ஒரு நோயாளி டாக்டரம்மாவுக்கென்று டுரியான் பழம் கொண்டுவந்து கவுண்டரிலேயே வைத்துவிட்டார். இடமே நாறிற்று. டாக்டரம்மா உள்ளேயிருந்து கத்தினார்: "யாருலா அது? கொண்டு போய் என் காடில வை!" தன் காருக்குள் வைக்கச் சொல்கிறார், திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை, கவனிக்க.

போன வருடம் தேர்வில் நான் விழுந்தது இந்த மாதிரி விஷயத்தில்தான். கணக்கு, வாசிப்பு எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. கடைசியில் சூழ்நிலைப் பகுதி. நோயாளி பழக்கூடை கொண்டுவருகிறார், என்ன செய்வீர்கள்? வாங்கிக்கொள்வேன் என்று போட்டேன். கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினால் எங்கள் தோட்டத்தில் அப்புறம் முகத்தில் விழிக்க முடியுமா? அம்மாவிடம் நோயைச் சொல்லாதீர்கள் என்று மகன் கேட்கிறான், என்ன செய்வீர்கள்? சரி, சொல்லவில்லை என்று போட்டேன். இங்கே எல்லாரும் அப்படித்தானே. கிடைத்தது நான்கில் கடைசி நிலை. கல்லூரி கையை விரித்துவிட்டது.

இன்றைய கூத்து: ஒரு மகன் சர்க்கரைச் சோதனை முடிவோடு கவுண்டரில் குனிந்து, "அம்மாவுக்கு இனிப்புநீர். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பயந்துருவாங்க." அவர் மருந்து வாங்கப் போனதும் அந்த அம்மா வந்து, "எனக்கு இனிப்புநீர்தான், தெரியும். அவன்கிட்ட சொல்லிடாத பாப்பா, பயந்துருவான்."

சிரிப்பை அடக்கப் பட்ட பாடு.

புதன்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. படித்தது கொஞ்சம், நகம் கடித்தது அதிகம்.

கடையில் முட்டை, ரொட்டி. கடைக்கார அக்கா கேட்காமலே கிராம்புத் தைலம் எடுத்துக் கொடுத்தார். "பல்லுல வை, நல்லா ஆயிரும். பயப்படாம போ." பல் டாக்டரிடம் போக என்ன பயம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

இந்த முறையும் விழுந்தால் கிளினிக் கவுண்டரே கதி. டாக்டரம்மா நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல வேலைதான். எனக்கு வேண்டாம். எனக்கு அவர் அறைக் கதவுக்கு உள்ளே உட்கார வேண்டும். எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

வியாழன்

பசியாறவில்லை. அப்பா சிரம்பான் ரயிலடி வரை காடியில். வழியில் வானொலியைக்கூட நிறுத்திவிட்டார்.

தேர்வு அறை குளிர். ஸ்வெட்டர் மறந்துவிட்டேன், முட்டாள். கணக்குக்கு நேரம் போதவில்லை, கடைசியில் சிலவற்றைக் குருட்டாம்போக்கில். பிறகு சூழ்நிலைப் பகுதி. வந்தது அதே ஜாதிக் கேள்வி. நோய் அப்பாவுக்கு, மறைக்கச் சொல்வது மகள். கை தானாக மகள் பக்கம் போனது. இழுத்துப் பிடித்தேன். அந்த இனிப்புநீர் அம்மா ஞாபகம். அவருக்குத் தெரியும், எப்போதும் தெரிந்திருக்கும். சொல்லத்தான் வேண்டும் என்று போட்டேன்.

கணினித் தேர்வு, வெளியே வந்ததும் மதிப்பெண் தாள். கவிழ்த்துப் பிடித்தபடியே கழிவறைக்குப் போய்த்தான் பார்த்தேன்.

கல்லூரி கேட்டதற்கு மேலே. சூழ்நிலைப் பகுதி இரண்டாம் நிலை!

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நேர்காணல் பாக்கி இருக்கிறது, அது கிடக்கட்டும்.

அம்மாவுக்கு ஃபோன். அவள் வேலை செய்யும் செண்டாயான் தொழிற்சாலை, பின்னால் இயந்திரச் சத்தம், பக்கத்தில் ஆட்கள்.

"அம்மா, பல்லு பிடுங்கியாச்சு."

மூக்குறிஞ்சும் சத்தம். "வலிச்சுச்சா?"

"இல்லம்மா. வலிக்கவே இல்ல."

வெள்ளி

மழை. சாப்பிட்டேன், தூங்கினேன், திரும்பச் சாப்பிட்டேன்.

சனி, ஜூலை 19

அம்மா லட்டு பிடித்தாள். முதல் தட்டு மணியம் அங்கிள் வீட்டுக்கு. சொல்லிவிடலாம் என்று நானே எடுத்துப் போனேன். வாசலில் டுரியான் குவியல், சாக்கு விரித்து வைத்திருந்தார்.

"அங்கிள், அது வந்து… பல்வலி இல்ல…"

"பாஸா?"

"ஆமா."

"டேய்!" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம். எதிர் வரிசையில் ரெண்டு கதவு திறந்தது. கடைக்கார அக்கா நைட்டியோடு ஓடி வந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அங்கிளிடம் கேட்டேன்.

"போன வருசமே தெரியும்மா, நீ திரும்ப எழுதுவன்னு. ராத்திரி எரியுற லைட்டு எங்களுக்குத் தெரியாதா? உங்கிட்ட யாரும் கேக்கக் கூடாதுன்னு நாந்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். கேட்டா பயந்துருவ இல்ல?"

ஒரு வருடம். ஒரு ஆள் கேட்கவில்லை. நான் மறைத்தேன், அவர்கள் மறைத்தார்கள். அங்கிள் ஒரு பழத்தைப் பிளந்து என் கையில் வைத்தார்.

சூழ்நிலைப் பகுதியில் எங்கள் லயம் முழுக்கப் பெயில். கடைசி நிலை, ஒருத்தர் பாக்கியில்லாமல்.

தேர்வுப்படி டுரியானை மரியாதையாக மறுத்திருக்க வேண்டும். மூன்றாவது சுளையில் இருக்கிறேன், பேனாவெல்லாம் பிசுபிசு, கூப்பிடுகிறார்கள்