போர்வைப் பாட்டில் விடுபட்ட வரி

மார்ச் 3

ஆல்பம் வெளிவந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் இது தேவையா என்று முழங்கால் கேட்கிறது. காலையிலிருந்து கைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பேச்சு நின்று ஒன்பது வருஷம். சேர்ந்து பாடிய கச்சேரியில் எல்லார் முன்னாலும் "சுருதி விலகுது" என்றாள். கிதாரைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தவள்தான் நான். இதில் கடைசிப் பாட்டு, சின்ன வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டியது. கேட்பாளா?

மார்ச் 6

முதல் விமர்சனம். "வயது இந்தக் குரலில் துரு ஏற்றவில்லை, ஈரம் ஏற்றியிருக்கிறது." திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கமாகவே இல்லை. மருமகள் அதை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். "இனிமே அத்தைய கையில பிடிக்க முடியாது!"

மார்ச் 9

யாரையும் லேசில் மெச்சாத விமர்சகர் ஒருவர் கடைசிப் பாட்டைத் தூக்கிக் கொண்டாடியிருக்கிறார். "'போர்வை ஒண்ணு, கால் நாலு' என்று தொடங்கி, அடுத்த வரியைச் சொல்லாமல் ஹம்மிங்கில் விடுகிறார். சொற்கள் தோற்கும் இடம் தெரிந்த கலைஞர்."

ஐயோ. எந்தச் சொல்லும் தோற்கவில்லை. மறந்துபோச்சு, அவ்வளவுதான்! காகிதம் பார்த்துப் பாட மாட்டேன் என்று எனக்கு ஒரு வீறாப்பு. வரி நழுவியது, ம்ம்ம் என்று இழுத்துச் சமாளித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இத மாத்தாதீங்கம்மா" என்றார். மாற்ற என்னிடம் என்ன இருந்தது? அந்த வரி தெரிந்தவள் இன்னும் ஒருத்திதான்.

மார்ச் 10

அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 14

காய்கறிக் கடைக்காரர் வெங்காயத்தை எடைபோட்டபடியே சொன்னார்: "அந்த ம்ம்ம் வர்ற எடத்துல எங்க அண்ணன் ஞாபகம் வந்துருச்சும்மா. சண்டையெல்லாம் மறந்து போன் போட்டுட்டேன்."

சந்தோஷம்தான். ஆனால் ஊரார் வீட்டு அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்கிற பாட்டு எனக்கு மட்டும் உதவாதா? வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 17

அக்கா போன் செய்தாள். நலம் விசாரிப்பு கிடையாது.

"மறந்துட்டியா?"

"எல்லாரும் நல்லா இருக்குன்னு—"

"எல்லாரும் சொல்லட்டும். நீ மறந்துட்டியா இல்லையா?"

"மறந்துட்டேன்க்கா."

சிரித்தாள். பாவி, சிரித்தாள்! பிறகு, "சுருதி நல்லா நின்னுச்சு" என்றாள். வரியைக் கேட்டதற்கு, "போன்ல சொல்ல மாட்டேன். நேர்ல வா."

மார்ச் 19

அக்கா வீடு. ஒரே கட்டில். அவள் கால் இன்னும் ஐஸ்தான்.

வரி கிடைத்தது: "இழுக்காதே, கிழிஞ்சிடும்."

உள்ளதைச் சொன்னால் ஹம்மிங்கே மேல். அவளிடம் மூச்சு விடவில்லை.