பெட்டிக்குள் ஒரு பொம்மர்

1991 ஐப்பசி, புதன் இரவு.

பகல் முழுக்க மழை. வெளியே போக முடியாமல் சிணுங்கிய மகளுக்கு விமானி இருக்கும் அறை ஒன்று செய்து கொடுக்கலாமென்று பெரிய அட்டைப்பெட்டியை எடுத்தேன். எந்தப் பிளேன் என்று கேட்டாள். அவ்ரோ, ஹெலி என்று அவளே சொல்லிப் பார்த்தாள்.

"அதுகளுக்குப் பெட்டி காணாது. பொம்மர் செய்வம். ஒராள் இருந்தாப் போதும்" என்றது நான்தான்.

பௌதிகம் படித்த பெருமை வேறு. பழைய சோடா மூடிகளை ஒட்டி, இது உயரம் காட்டும், இது வேகம் காட்டும் என்று விளக்கினேன். எனக்கும் சந்தோஷமாகவே இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சரோ அக்கா இடியப்பத் தட்டைத் திருப்பித் தர வந்தார். போன மாதம் பொம்மர் விமானம் போட்ட குண்டில் கணவரைப் பறிகொடுத்தவர். மகள் பெட்டிக்குள்ளிருந்து விமானம்போல இரைந்தாள்.

"பெரியம்மா, பொம்மர் வருது. ஓடிப் பதுங்குங்கோ."

"ஓம் பிள்ளை, பதுங்கிறன்" என்று அக்கா சிரித்தபடி மேசைக்குக் கீழே குந்தினார். மகள் இரைவதை நிறுத்திய பிறகும் அவர் எழும்பவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"பிள்ளையை ஏசாதை. அவளுக்கு என்ன தெரியும்" என்றார்.

நான் தலையாட்டினேன். ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நின்றேன்.

அவர் போனதும் மகள் கேட்டாள். "நீங்கள்தானே அம்மா பொம்மர் எண்டனீங்கள்?"

பொம்மர் என்றது நான்தான் என்று நாளைக்கு அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். போவதற்கு ஒரு சாட்டும் இல்லை. தட்டை வாங்கப் போகலாமென்றால் அதுவும் வந்துவிட்டது.