கட்டைவிரலின் அவசரம்

7 ஜூலை, திங்கள்

இருபத்தொரு நாள் தியானம் செய்யச் சொல்லிக் கம்பெனியில் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு. மெக்கானிக்கல் படித்து, துறைமுகத்துக்கு வெளியே இந்த யார்டில் ஆறு வருடமாகக் கிரேன் வேலையை மேற்பார்வை பார்க்கிறவனுக்கு.

காரணம், போன வியாழன். காற்றாலை கியர்பாக்ஸைத் தூக்கி டிரெய்லரில் வைக்கிறோம். அடியில் மரக்கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தார் சொரிமுத்து அண்ணாச்சி. நான் வாக்கி-டாக்கியில் "எறக்காத" என்றேன். கிரேன் ஆபரேட்டர் ஜெனோ இறக்கினான். அண்ணாச்சிக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. நான் கிரேனில் ஏறி ஜெனோவின் சட்டையைப் பிடித்தேன். தியானம் அதற்குத்தான்.

"வேலு எறக்குன்னுதான் சொன்னான், மாதா சத்தியமா" என்று ஜெனோ எல்லோரிடமும் சொல்கிறான். பச்சைப் பொய். 28ஆம் தேதி விசாரணை. அதுவரை அவன் கிரேனில் ஏறக்கூடாது. தப்பு அவனுடையது என்று முடிவானால் வேலை போய்விடும். போகட்டும்.

8 ஜூலை

தியானம் சொல்லித்தர வந்த மனநல கவுன்சிலர் பெயர் ஷெர்லின். என் வயதுதான் இருக்கும்.

"கண்ணை மூடிட்டு மூச்சைக் கவனிங்க."

"கவனிச்சு?"

"கவனிச்சு ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கு எதுக்கு இருவத்தோரு நாளு?"

"உங்களுக்கு அது வாரதுக்கே இருவது நாள் ஆயிரும்."

நான்கு நிமிடம் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

11 ஜூலை

ஒன்று தோன்றியது. மோட்டாரில் சென்சார் பொருத்தினால் அது மோட்டாரைச் சரிசெய்யாது. எவ்வளவு சூடு, எவ்வளவு அதிர்வு என்று பதிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஷெர்லின் சொல்வதும் இதுதானா? இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

14 ஜூலை

கேட்டை மறித்து ஒருவன் லாரியை நிறுத்தியிருந்தான். திட்டுவதற்கு முன் பதிந்து பார்த்தேன். முதலில் காது சூடாகிறது. அடுத்து பல் இறுகுகிறது. அதன் பிறகுதான் எனக்குக் கோபம் என்று எனக்கே தெரிகிறது. இத்தனை நாளும் வரிசையைத் தலைகீழாக நினைத்திருக்கிறேன்.

பிறகு திட்டினேன். அது வேறு.

16 ஜூலை

உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

18 ஜூலை

மனம் ஓடுகிறது என்றேன். ஷெர்லின் ஒரு பயிற்சி கொடுத்தார். மூச்சை விடும்போது கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை அழுத்த வேண்டும். மூச்சு முழுக்க வெளியேறியதும் எடுக்க வேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு.

ஆனால் வரவில்லை. மூச்சு முடிவதற்குள் விரல் எழுந்துவிடுகிறது. இருபது மூச்சில் பதினேழு முறை. எடுக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுக்கிறேன். இது எப்படி?

19 ஜூலை

அம்மாவுடன் போனில் பேசினேன். வைத்த மறுநிமிடம் அவளே கூப்பிட்டாள். "ஏலே, நான் பேசி முடிக்கதுக்குள்ள வச்சிருத."

"எப்ப இருந்தும்மா?"

"போன் வாங்குன நாள்ல இருந்து."

20 ஜூலை

வாக்கி-டாக்கி பட்டனையும் கட்டைவிரலால்தான் அழுத்துகிறேன். விரலை எடுத்தால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும்.

21 ஜூலை

யார்டிலிருந்து இரண்டு வாக்கி-டாக்கி எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். ஒன்றில் பேசி, மற்றதில் வருவதை மொபைலில் பதிந்தேன். நிதானமாக "எறக்காத" இருபது முறை. இருபதும் முழுசாக வந்தன. பிறகு, அன்றைக்கிருந்த பதற்றம் வருவதற்காக மாடிப்படியில் மூன்று தடவை ஓடி ஏறி இறங்கி, மூச்சு வாங்க, அவசரமாக இருபது முறை. ஒன்பதில் வால் இல்லை. "எறக்கா", சிலதில் வெறும் "எறக்".

கிரேன் சத்தத்துக்குப் பதிலாகத் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒன்றை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

"என்னம்மா சொல்லுதேன்?"

"எறக்குன்னு சொல்லுத. எதைலே எறக்கணும்?"

ஜெனோ பொய் சொல்லலை. அவன் காதுல விழுந்தது அதுதான். நான் சொன்னதும் நெசம், அவன் கேட்டதும் நெசம் — நடுவுல என் விரல்.

தமிழில் 'கூடாது' என்பது சொல்லின் கடைசியில்தான் வருகிறது. நான் எந்தச் சொல்லின் கடைசிவரையும் இருந்ததில்லை. இதனால்தான் "ஸ்டாப்" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

23 ஜூலை

யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பேசியதற்குப் பதிவு எதுவும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் ஜெனோ போவான், நான் இருப்பேன்.

உட்கார்ந்தால் மூச்சே அகப்படவில்லை. அவன் சட்டைக் காலர்தான் தெரிகிறது.

"தியானம் பண்ணா நிம்மதியா இருக்கும்னாங்க" என்றேன் ஷெர்லினிடம்.

"நான் அப்படிச் சொல்லலியே" என்றார்.

27 ஜூலை

முதலில் சொரிமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போ" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

28 ஜூலை

விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பதிவுகளையும் போட்டுக் காட்டினேன். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். ஜெனோ வியாழனிலிருந்து கிரேனில்.

2 ஆகஸ்ட், சனி

ஜெனோ ஸ்டோர்ஸுக்கு வந்தான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே ஆரம்பித்தான். "இருவத்தஞ்சு நாளுலே. நீ நெசமாவே சரியாத்தான் கேட்டியான்னு எங்க அம்மையே கேட்டா. பெத்தவளே நம்பலை." இன்னும் நிறைய. எழுத முடியாததும் உண்டு. காது சூடானது. சூடாகிறது என்று பதிந்தேன்.

நிறுத்தினான். முடித்துவிட்டான் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்துவிட்டது. வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு குரலைத் தணித்துச் சொன்னான்: "எனக்கும் அன்னைக்குச் சந்தேகமாத்தாம்ல இருந்துச்சு. ஒரு தடவ திருப்பிக் கேட்டிருப்பேன். கேட்டா எல்லாரும் கேக்க நீ வள்ளுன்னு விழுவ. அதான் கேக்கல."

போய்விட்டான்.

நான் விரலைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். இந்த ஆறு வருடத்தில் இன்னும் எத்தனை பேர் என்னிடம் கேட்காமல் விட்டிருப்பார்கள்? திங்கட்கிழமை ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சொல்வார்களா, தெரியவில்லை.