பெரியம்மாவாக வருகிறேன்

மைசூர்,
1957 அக்டோபர்

அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் இங்கே நல்லபடி இருக்கிறேன்; நீயும் காய்ச்சல், விஷக்கடி எதுவும் அண்டாமல் இருக்கவேண்டும் என்பதே என் ஜெபம். கிறிஸ்மஸ் லீவுக்கு நான் அங்கே வரவேண்டாம், பாதை சரியில்லை என்று நீ எழுதியதற்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இங்கே மழை விட்டபாடில்லை. பின்னறை ஒழுகுகிறதென்று உன் கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டேன், இப்போது அது கண்ணெதிரே வெறுமனே கிடக்கிறது. ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. பக்கத்து வீட்டுத் தேவம்மா என்னைக் கண்டால் ‘மகளு யாவாக பர்த்தாளே?’ என்கிறாள், நீ எப்போது வருவாய் என்று நான் யாரைக் கேட்பது? பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் நீ விட்டுப்போன டீச்சர் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. ‘காட்டு ஊர்களில் கதை சொல்வதெல்லாம் ஒரு உத்தியோகமா மிஸஸ் அமலதாஸ்? கவர்ன்மெண்ட் பிளாக் ஆபீஸில் இன்றைக்குச் சம்பளம் கொடுப்பார்கள், நாளைக்குக் கொடுப்பார்களா?’ என்றார்கள். எனக்கும் அந்தப் பயம்தான், ஆனாலும் என் மகள் கதை சொன்னால் ஊரே கூடுகிறதாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்பாய். போன வருஷம் நீ இருக்கும் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்தோடு சேர்ந்த பிறகு பெரியாஸ்பத்திரிக்கு வரும் தமிழ் ஜனங்கள் கன்னடம் தெரியாமல் முழிக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் போய், டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லிவிட்டு வருகிறேன். அங்கே கால் முறிந்து படுத்திருக்கும் கோபிநத்தத்துப் பஞ்சவர்ணம் பொழுது போகாமல் எனக்கு ஒரு கதை சொன்னாள். மழைக்குப் பயந்து வீடு வீடாகக் குடை கேட்டுப் போகும் யானையின் கதை. அப்பா பாலாற்றுப் பக்கம் பாரஸ்ட் கார்டாக இருந்த நாளில், சாப்பிடமாட்டேன் என்று நீ அடம்பிடித்தபோது நான் கட்டிய கதை, நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாதது. உம் கொட்டுவதை மறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஏனுங்கம்மா, உம் கொட்டறத நிறுத்திப்போட்டீங்க? கேக்கறவங்க உம் கொட்டாட்டி யானை நகராதுங்க’ என்று சிரித்தாள். யார் சொன்ன கதை என்று கேட்டேன். ‘ஜூடித்துன்னு ஒரு புள்ளைங்க. அது கதை சொன்னா ஊரே எந்திரிக்காது. பாவம், தாயில்லாப் புள்ள. ஊட்டுக்கு ஒருநா முறை வெச்சு நாங்கதான் சோறு போடறோம்’ என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அடுத்த ஞாயிறு மனசு கேட்காமல், தாயில்லை என்று அந்தப் பெண்ணே சொன்னதா என்று பஞ்சவர்ணத்தைக் கேட்டேன். ‘வயசுப் புள்ளையக் காட்டுக்குள்ள தனியா உட்டவ எப்பேர்ப்பட்ட பொம்பளைன்னு மொதல்ல நாங்க ஏசுனோமுங்க. ஒருநா கண்ணைக் கசக்கிட்டு, எங்கம்மா இல்லீங்கன்னு சொல்லிப்போட்டுது. அப்பறம் எவளும் வாயத் தொறக்கல’ என்றாள். என்னை ஏசுவதைக் கேட்கப் பொறுக்காமல் என்னைச் சாகடித்திருக்கிறாய். உன்னைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டுக்கும் நீ பக்கத்தில் இல்லை.

நீ பிறந்து வளர்ந்த காட்டுப் பக்கமே திரும்பிப் போய் ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டாய். நான் அம்மா என்று வந்து நின்றால், சோறு போடும் அந்த ஜனங்கள் இனி உன் வாயிலிருந்து எதை நம்பிக் கேட்பார்கள்? ஆகவே கிறிஸ்மஸுக்குப் பெரியம்மாவாக வருகிறேன். பஞ்சவர்ணத்திடமும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ‘தாயில்லாப் புள்ளைய இத்தன நாளா வந்து எட்டிப் பாக்கல, நீங்க என்ன பெரியம்மாங்க?’ என்று ஒரு பிடி பிடித்தாள். எப்படியானாலும் ஏச்சு என்னைத் தேடி வந்துவிட்டது, நீ வீணாக என்னைச் சாகடித்தாய்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கொசுவலை இல்லாமல் படுக்காதே. வாய்தவறி என்னை அம்மா என்று கூப்பிட்டுவிடாதே. யானைக் கதையை நான் வரும் அன்றைக்கென்று வைத்துக்கொள். கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்து நான் உம் கொட்டுகிறேன். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, கீழே பெரியம்மா என்று போட எனக்கு மனம் வரவில்லை.

உன் அம்மா,
ஜேன்