காசிம் பாய் வீட்டில் நீங்கள் வைத்த பை

சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன மாமாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் சிரிப்பீர்கள். நாங்கள் நான்கு பேரும் நலம். ரயிலில் இருக்கிறோம், இரண்டாவது நாள் மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே எந்த மாநிலம் என்று தெரியவில்லை. வெயிலில் வெளுத்த நிலம் ஒன்று முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரைத்தூக்கத்தில் கண் திறக்கும்போதெல்லாம் நம் ராஜபாளையத்து மலை இந்தப் பக்கம்தானே இருக்க வேண்டும் என்று மேற்கே தேடுகிறேன். மேற்கு எது என்பதும் பிடிபடவில்லை.

உங்கள் மகன் மேல் படுக்கையில் தூங்குகிறார். பெரியவன் செல்வா போனும் கையுமாக இருக்கிறான். சின்னவள் மதிதான் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து எட்டிப் பார்க்கிறாள். தாத்தாதான் முதலிலேயே கிளம்பிவிட்டாரே, ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நமக்காக நிற்பார் என்று அவளுக்கு ஓர் எண்ணம். ஆறு வயசுப் பிள்ளையிடம் மறுத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிளாட்பாரத்தில் வெள்ளை வேட்டி கட்டிய யாராவது முதுகு காட்டி நின்றால் நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த எண்ணத்தை விதைத்ததே நீங்கள்தான்.

இமாச்சலத்து மில்லில் உங்கள் மகனுக்கு வேலை கிடைத்ததிலிருந்து நம் வீட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் போங்கள், நான் வரவில்லை என்றீர்கள். பட்டாளத்தில் பதினேழு வருஷம் அந்தக் குளிரைப் பார்த்தாயிற்று, போதும் என்றீர்கள். அத்தையும் போன பிறகு, அந்த வீட்டில் உங்களை ஒற்றை ஆளாக விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்? ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்தேன். பிறகு, நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரத்தில் அதைச் சொன்னேன்.

“நீங்க வரலேன்னா நாங்களும் போகல மாமா. பிள்ளைக படிப்பு, அவரு வேல, அம்புட்டும் உங்களால நிக்கட்டும்.”

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனீர்கள். மறுநாள் காலை டீயை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: “சரி தாயி. எனக்கும் சேத்து டிக்கெட்டு போடச் சொல்லு.” ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிடைத்த டிக்கெட் புதன்கிழமைக்கு. புதன் வடக்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். சூலம் பார்த்தா ரயில் விடுகிறான் என்று நான் கேட்டேன். அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே என்றீர்கள். பயணம் போகிறவர் தன் உடுப்பு ஒன்றை நல்ல நாளில் போகிற வழியிலுள்ள ஒரு வீட்டில் கொண்டு வைத்துவிட்டால், அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு என்றைக்குக் கிளம்பினாலும் தோஷமில்லை. வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் எடுக்கத்தான் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினீர்கள். அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர் காசிம் பாய் வீட்டில் வைத்துவிட்டு, “தாத்தா கெளம்பியாச்சு” என்று மதியிடம் சொல்லிக்கொண்டே திரும்பி வந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான்தான் எழுப்ப வந்தேன்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும், புண்ணியவான், தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். உங்கள் மகள் மட்டும் என் முகத்துக்கு நேரே கேட்டாள். “அப்பாவுக்குப் போக இஷ்டமே இல்ல. நீதான இழுத்த?” என் மனசும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. பிடிக்காத ஊருக்கு வயசான மனுஷனை வாயால் அடித்து இழுத்தேன், அந்த வேதனையே கொண்டு போய்விட்டது என்று நாற்பது நாளாக ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் விழுங்கினேன்.

அந்தப் பையை ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள். காசிம் பாய் கொடுக்க மறுத்துவிட்டார். நேற்று வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது, பீரோவின் மேல் வைத்திருந்த பையைத் துண்டால் தூசி தட்டிக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மறுபடியும் புதன்கிழமைதான் டிக்கெட் கிடைத்தது என்பது அவருக்குத் தெரியும்.

“பயணம் கெளம்புன பையி தாயி. நீங்க போற வழியில எடுத்துக்கிடணும்னு அவிய சொல்லித்தான் குடுத்தாவ. இதுவரை யாரையும் தொட விடல.”

வேன் கிளம்பும்வரை சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மலையில் சாரல் இறங்கியிருந்தது. கோபுரம் கண்ணிலிருந்து மறைகிறவரை பையை மடியில் பிடித்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு அந்தப் பையைத் திறக்கப் பயம். உங்கள் நல்ல வேட்டியும் கம்பளிச் சட்டையும் மடித்து வைத்திருந்தால், மனசு வைத்துத்தான் கிளம்பினீர்கள் என்று நான் கொஞ்சம் மூச்சு விடலாம். பேருக்கு ஒரு பழந்துணியைப் போட்டு வைத்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன். கனவில் நீங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டே இருந்தீர்கள். கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்க, நீங்கள் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள்.

இன்று மத்தியானம் நான் கை கழுவப் போன நேரத்தில் மதி அதைத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால், படுக்கை மேல் என் ஆரஞ்சுச் சுங்குடிச் சேலை கிடக்கிறது. மாமா, வீட்டைக் காலி செய்தபோது அதை நான் தேடாத இடமில்லை. எழவு வீட்டுக் கூட்டத்தில் உங்கள் மகள்தான் எடுத்துப் போயிருப்பாள் என்று மனசுக்குள் எம்புட்டோ திட்டியிருக்கிறேன். பாவம், அவளுக்கு இன்று போன் போட வேண்டும்.

சேலைக்குக் கீழே உங்கள் மகனின் நீலச் சட்டை. செல்வாவின் கபடி பனியன். பொத்தான் போன மதியின் கவுன். அடியில் காய்ந்த வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் கிழங்கு. பையைக் கவிழ்த்து உதறினேன். உங்கள் வேட்டி இல்லை. ஒரு துண்டுகூட இல்லை.

உங்கள் மகன் கீழே இறங்கி வந்து, அந்த நாலு துணியையும் வெகுநேரம் பார்த்தார். “அப்பா வார எண்ணத்துலயே இல்ல வடிவு. நம்ம நாலு பேரத்தான் கெளப்பி விட்டுருக்காவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எதிர் சீட்டுக்காரர்கள் பயந்தே போனார்கள்.

நல்ல கள்ள மனுஷன் நீங்கள். நான் மல்லுக்கட்டுவேன் என்று தெரிந்து சரி என்று சொல்லிவிட்டு, நான் திரும்ப முடியாதபடி என் சேலையையே எடுத்துப் பயணம் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஸ்டேஷன் வரை வந்து, “நீங்க போங்க தாயி, நான் ஐப்பசியில வாரேன்” என்று சொல்லியிருப்பீர்கள். நானும் நம்பி ஏறியிருப்பேன். அப்படியென்றால் நான் உங்களை இழுக்கவே இல்லை. அந்த ஒன்று போதும் எனக்கு.

ஆனால் ஏன் மாமா வர மனசில்லை? அத்தை இருந்த வீடு என்பதாலா? காசிம் பாயோடு வாராவாரம் குடிக்கும் டீயா? அந்தக் குளிரில், எங்களிடம் சொல்லாத எதையாவது பார்த்தீர்களா? வா வா என்று இத்தனை தடவை சொன்ன வாய், ஏன் என்று ஒரு தடவை கேட்கவில்லை. இனி எனக்கு அது தெரியவே போவதில்லை. அந்தக் குறை என்னுடையதுதான், அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

“அப்ப தாத்தா ஊருலதான் இருக்காரா?” என்று கேட்டாள் மதி. ஆமாம் என்றேன். சரி என்று கவுனைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். இப்போது ஒரு ஸ்டேஷன் வந்து போகிறது. அவள் எழுந்து பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். செல்வாவும் மதியும் ஒரு நாள் என்னை விட்டு எங்கேயாவது கிளம்புவார்கள். அன்றைக்கு என் வயிறு பற்றி எரியும், என் வாயும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என்னை விட்டுவிட்டுப் போவாயா என்ற சொல் அதிலிருந்து வராது. அவர்கள் உடுப்பை நானே எடுத்துக் கொண்டுபோய் நல்ல நாளில் வைப்பேன். நீயும் வருவாய்தானே அம்மா என்று கேட்டால், வருகிறேன் என்று கண் சிமிட்டாமல் பொய் சொல்வேன்.

உங்களிடம் கடைசியாகவும் தோற்றுப்போன
உங்கள் மருமகள்
வடிவு