பதினேழாம் கொளுக்கி

இன்று உங்கள் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐயர். நான். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கர்க்லாண்டிலிருந்து வந்த மகள் துளசி. டவுன்டவுன் உணவகத்தில் உங்களோடு கோப்பை கழுவிய சிவம் அண்ணை. பிறகு, நான் அழைக்காமலே கறுப்புக் கோட்டுப் போட்டு வந்த இரண்டு போர்த்துக்கீசக் கிழவர்கள். ஒருவர் அதே உணவகத்தின் சமையற்காரர் மனுவேல். மற்றவர் அர்மாந்து, கழகத்தில் உங்களுக்கு அடுத்த இலக்கக்காரர். ஆக ஆறு பேர். உங்களைச் சேர்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு விளக்கடியைத் துடைத்துவிட்டு இப்போதுதான் கதிரையில் இருந்தேன். மடியில் உங்கள் கழுத்துச் சால்வை கிடக்கிறது. செங்கல் நிறம், ஓரம் இழைவிட்டது. மனுவேல் கொண்டுவந்து என் இரண்டு கைகளிலும் வைத்தார். உங்கள் மணம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று முகத்தருகே கொண்டுபோனேன். சுட்ட மத்தி மீனும் கரிப்புகையும்தான் மணக்கின்றன. மரக்கறி சமைத்த வீட்டில், உங்கள் திவச நாளில், அந்த மணம்! எனக்கு அழுகை வரவில்லை. பழைய எரிச்சல்தான் வந்தது.

நீங்கள் போய் விழுந்தது ஒரு பெண்ணிடம் என்றால் நேரே போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நீங்கள் விழுந்தது ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில். அதனிடம் என்னத்தைக் கேட்பது?

திருகோணமலையை விட்டு வெளிக்கிட்டு, பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்துக்கு வந்து, அகதி வழக்கு முடியாமல், போர்த்துக்கீசர் கூடிய தெருவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் நாங்கள் இருந்த காலம் அது. ஞாயிறு காலையில் எங்கள் சனம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சாமிப் படங்களை மேசையில் அடுக்கிப் பூசை செய்யும். நான் சேலை உடுத்துத் தேங்காயும் கையுமாக நிற்பேன். நீங்கள் சப்பாத்தைத் தேடிக்கொண்டே, "நீ நடவப்பா, நான் பேந்து வாறன்" என்பீர்கள். உங்கள் பேந்து ஒருநாளும் வந்ததில்லை. இரண்டு தெரு தள்ளி, மனுவேலின் ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கழகத்தின் பெயரில் வைத்திருந்த வீட்டில், கரகரக்கிற வானொலியைச் சுற்றி நீங்கள் இருந்தீர்கள். பாசை ஒரு சொல் தெரியாது. கோல் விழுந்தால் மட்டும் தெரியும்.

"தங்கச்சி, உன்ரை மனுசன் போர்த்துக்கீசனாகி ஒரு மாதமாச்சு, இனித் தமிழிலை கூப்பிட்டால் திரும்பமாட்டான்" என்று சிவம் அண்ணை மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். சனம் சிரித்தது. எனக்குத் தேங்காயை யார் தலையில் உடைப்பது என்றிருந்தது.

அன்று வீட்டில் நான் கேட்டது நினைவிருக்கிறதா?

"எங்கடை மலைக்கோயிலை உடைச்சுக் கடலுக்கை தள்ளின ஆக்களின்ரை பந்தடிக்கோ நீங்கள் பூசையை விட்டிட்டு ஓடுறியள்?"

"அது நானூறு வருசத்துக்கு முந்தியப்பா."

"சாமிக்கு நானூறு வருசம் நேற்று மாதிரி."

அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் போய் மனுவேலிடமே சொல்லிவிட்டீர்கள். அடுத்த ஞாயிறு ஒரு போத்தல் ஒலிவ்காயோடு வந்தீர்கள். "தான் அப்ப பிறக்கேல்லை எண்டு மதாமிட்டைச் சொல்லச் சொன்னவர். தேப்பனும் பிறக்கேல்லையாம்." முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குசினிக்குள் போய்ச் சிரித்தேன். உங்களுக்கு அது தெரியாது. ஒலிவ்காயை மிளகாய்த்தூள் போட்டுத் தாளித்துத்தான் தின்ன முடிந்தது.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் அந்தக் கழகத்தின் கதையைச் சொல்லத் தொடங்குவீர்கள். எத்தனை தரம் கேட்டிருப்பேன்! சக்களத்தி பிறந்து வளர்ந்த கதையைப் புருசன் வாயாலேயே கேட்கிறது போலத்தான். போர்த்துக்கலின் வடக்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு சிறிய துறைமுகம். கிழிந்த வலை பொத்துகிற இளந்தாரிகளும் மீனைத் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலைப் பெடியன்களும் சேர்ந்து தொடங்கிய கழகம். முதற் பந்து ஒரு பிறநாட்டுக் கப்பற்காரர் விட்டுப்போனது. விளையாடியது வலை காயப்போடுகிற மணலில், அதனால் பெண்கள் மீன் தலையால் எறிந்து கலைத்தார்கள். சட்டை வாங்க வழியில்லை. வலைக்குச் சாயம் காய்ச்சுகிற அண்டாவில் பழைய சட்டைகளை முக்கி எடுத்தபோது செங்கல் நிறம் வந்தது. அந்த நிறத்தைப் பிறகு அவர்கள் மாற்றவே இல்லை. முதல் திடலை ஆறு தின்றது. இரண்டாவதைத் துறைமுகக்காரர் எடுத்தார்கள். மூன்றாவதற்கு ஊர்ச்சனம் ஆளுக்கொரு கல்லாகச் சுமந்துபோய்ப் படிக்கட்டுக் கட்டியது. அங்கே அடிக்கிற காற்றில் கோல்காப்பாளர் உதைக்கிற பந்து அவரிடமே திரும்பி வருமாம். பெரிய கழகங்களிடம் தோற்பதும், கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதும், பிறகு மூச்சுப் பிடித்து ஏறுவதுமே அவர்கள் வரலாறு. கிண்ணம் என்று சொல்ல ஒன்றே ஒன்று. நீங்கள் அவசரத்தில் அண்டாவை விட்டுவிட்டுக் கிண்ணத்துக்குத் தாவினால் நான் சோறு போட்டபடியே, "சாயம் முக்கினதைச் சொல்லேல்லை" என்பேன். அவ்வளவுக்கு எனக்குப் பாடம்.

வறுமைக்கும் பட்டாளத்துக்கும் தப்பி அந்த ஊரில் பாதிப்பேர் கப்பலேறினார்கள் என்றும் சொல்வீர்கள். எங்களைப் போலத்தானே என்பது உங்கள் கருத்து. இல்லை. அவர்களுக்கு அந்த வானொலியில் தங்கள் ஊர்ச்சனம் கத்துகிற சத்தம் கேட்டது. அவர்களுடைய திடல் அங்கேயே இருந்தது, படிக்கட்டும் இருந்தது. எங்களுக்கு வானொலியில் ஊரின் பெயர் வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்போம். நான் பொறாமைப்பட்டது கழகத்தைப் பார்த்து மட்டுமில்லை.

கழகச் சந்தாவை வீட்டுக் கணக்கில் எதன் கீழ் எழுதுவது என்று கேட்டேன். "கோயில் செலவிலை எழுதன்" என்றீர்கள். அன்று முழுக்க உங்களோடு கதைக்கவில்லை. "வேறு" என்று ஒரு தலைப்புப் போட்டு அதில் எழுதினேன். நீங்கள் இருந்த காலம் முழுக்க அந்தத் தலைப்பின் கீழ் வேறொன்றும் வரவில்லை.

துளசி பிறந்தபோது உங்களுக்கு இன்னொரு யோசனை வந்தது. அவர்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்த கையோடு கழகத்தில் அங்கத்தவராகப் பதிவார்களாம். சின்ன வயதிலேயே இலக்கம் கிடைத்தால் கிழவராகும்போது வரிசையில் முன்னுக்கு வரலாமாம்.

"முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியேல்லை, பேர் வைக்கேல்லை, அதுக்கு முதல் இலக்கம் வைக்கிறதோ? இந்த நாட்டிலையே எங்களுக்கு இன்னும் இடமில்லை!"

"அதாலைதானப்பா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டீர்கள். அந்த ஒரு தடவை நான் வென்றேன்.

நான் அந்தக் கழக வீட்டுக்குள் போனது ஒரே ஒரு முறை. எங்கள் அகதி வழக்குப் பற்றி வெள்ளிக்கிழமை வந்த கடிதமொன்றை மேல் வீட்டுக்காரர் தன் கடிதங்களோடு எடுத்துவைத்துவிட்டு ஞாயிறு காலைதான் கொண்டுவந்து தந்தார். நான் தனியே பிரெஞ்சு படித்தது கடைத் துண்டுப் பிரசுரங்களில். உருளைக்கிழங்கு விலைக்கு அப்பால் அந்த மொழியில் ஒன்றும் வாசித்ததில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டோம் என்ற சொல் எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சப்பாத்து நாடா கட்டாமல் ஓடிவந்தேன்.

உள்ளே ஆண்கள் மூச்சுவிடாமல் இருந்தார்கள். சுவரில் வரிசையாக இலக்கமிட்ட கொளுக்கிகள், ஒவ்வொன்றுக்கும் உரியவரின் செங்கல் நிறச் சால்வை. வானொலியில் கடைசி நிமிடங்கள். கோல் வாங்கினால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். நான் கடிதத்தை நீட்டினேன். நீங்கள் என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினீர்கள்.

"பொறப்பா. அஞ்சு நிமிசம்."

எங்கள் சீவியம் அந்தத் தாளில் இருந்தது. பிள்ளை சிணுங்கியது. நான் நின்றேன். பிறகு கழகம் தப்பியது. கூரை பிய்கிற சத்தம். அதற்குப் பிறகுதான் கடிதத்தை வாங்கி விரித்தீர்கள். வாசித்தீர்கள். மனுவேலிடம் சொன்னீர்கள், மறுபடி சத்தம் எழும்பியது. யார் யாரோ பிள்ளையைத் தூக்கினார்கள். ஆனால் எங்களுக்கு எழும்பிய சத்தம் கழகத்துக்கு எழும்பியதைவிடக் குறைவு. நான் கவனித்தேன்.

திரும்பி வரும்போது, "கடுதாசி எங்கையும் ஓடாதப்பா, பந்துதான் ஓடும்" என்றீர்கள். சந்தி திரும்பியதும் மதிலில் சாய்ந்து நின்று அழுதீர்கள். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான், எதற்காக அழுகிறீர்கள் என்று.

இனி இன்றைய கதை. ஐயர் பிண்டம் முடித்து எழுந்ததும், அர்மாந்து உங்கள் படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். போர்த்துக்கீசச் செபம் என்று நினைத்து ஐயரும் மரியாதையாகக் கண்ணை மூடினார். எனக்கு ஒன்று ஒன்றாகக் காதில் விழுந்தது. தங்கராசா. பிலிப்பு. அன்வர். எங்கள் ஊர்ப் பெயர்கள்! நடுவில் உங்கள் பெயரும் வந்தது. பத்துப் பெயர் சொல்லி நிறுத்தினார். பிறகு தலையைக் குனிந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

மனுவேல்தான் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார். அந்த வீட்டில் கொளுக்கி கேட்டு வருகிறவரிடம் ஒரே கேள்விதானாம்: "உன் கழகம் எது?" தான் முதலில் நேசித்த கழகத்தின் பதினொரு பேரையும் சொல்ல வேண்டும். கழகம் பிறந்த நாளில் வருடா வருடம் எல்லாரும் கொளுக்கி வரிசைப்படி எழுந்து அதைச் சொல்வார்கள். மற்றவர்கள் தங்கள் சிறுவயதுச் செங்கல் சட்டைக்காரரைச் சொல்ல, நீங்கள் மட்டும் இந்தப் பெயர்களைச் சொன்னீர்களாம். கடற்கரைத் திடலில் உங்களோடு விளையாடியவர்களை. அந்தத் திடலில் பிறகு இராணுவ முகாம் வந்ததையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் பந்தடித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கழகம் வைத்திருந்தீர்கள் என்று தெரியாது. வலது முழங்கால் தழும்பைக் கேட்டபோது "விழுந்தது" என்றீர்கள். அது எந்தப் போட்டி, எந்தக் கோல் என்று அர்மாந்துவுக்குத் தெரிகிறது! வழக்கு நடந்த அந்த நாட்களில் எங்களைக் கேள்வி கேட்காத ஆள் இல்லை, இந்தக் கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லைத்தான். நானும் கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். கேட்டால்தானா பெண்சாதிக்குச் சொல்வது? மத்தி சுடுகிறவர்களுக்குச் சொன்னீர்கள்.

இறந்தவரின் சால்வை ஒரு வருடம் கொளுக்கியில் தொங்குமாம். பிறகு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு கொளுக்கி முன்னுக்கு வருவார்கள். வரிசையின் கடைசியில் தொடங்கிய நீங்கள் பதினேழுக்கு வந்திருந்தீர்கள். பதினெட்டில் அர்மாந்து. ஞாயிறு தவறாமல், "இருமல் எப்படி? நெஞ்சுவலி ஏதும்?" என்று ஆசையோடு கேட்பாரே, நீங்களும் "நீ பின்னாலேயே நில்" என்றதாக வந்து சொல்வீர்களே, அந்த மனிதர் இன்று பாயசக் கிண்ணத்தைத் தொடாமல் வைத்துவிட்டுச் சொன்னார்: "மதாம், நான் அவருக்குப் பின்னால் நின்றே பழகிவிட்டேன். முன்னுக்குப் போகமாட்டேன்."

வீட்டு ஆள் ஒருவர் வந்து சால்வையைத் திரும்பக் கொளுவி, அந்தப் பதினொரு பெயரையும் சொன்னால் வரிசை நகராது. இல்லாவிட்டால் கழகம் பிறந்த நாளான வருகிற ஞாயிற்றோடு கொளுக்கி போய்விடும், பெயர்களும் போய்விடும். மனுவேல் துளசியைப் பார்த்தார். "அது அம்மா சொல்லவேணும்" என்று அவள் என்னைக் காட்டிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன ஞாயிறு உங்கள் கழகம் வென்றது. துளசி தந்த போனில் நான்தான் பார்த்தேன். நீங்கள் போன பிறகும் ஞாயிறு காலை, விளக்கு வைத்த கையோடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் இல்லாமல் எப்படி வெல்லலாம் என்று கோபம் வந்தது. அந்தக் கொளுக்கியில் வேறொருவரின் சால்வையை நினைத்தால் அதைவிடக் கோபம் வருகிறது. இத்தனை வருடம் உங்களை என்னிடமிருந்து பிடுங்கிய இடத்தில் இப்போது உங்கள் இடத்துக்காக நான் சண்டைக்கு நிற்கிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிய, நெற்றியில் திருநீற்றோடே அங்கே போவேன். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பத்துப் பெயரையும் பாடமாக்கிவிட்டேன். பதினோராவது கோல்காப்பாளரின் பெயர். அதை நீங்கள் ஒருநாளும் சத்தமாகச் சொன்னதில்லையாம். அந்த இடம் வந்ததும் தலையைக் குனிந்து வாய்க்குள் சொல்லிவிட்டு இருந்துவிடுவீர்களாம். என்ன நடந்தது என்று கேட்க மனுவேலுக்கும் மனம் வரவில்லை. அர்மாந்துவும் உங்களைப் பார்த்துப் பழகித்தான் இன்று வெறுமனே உதட்டை அசைத்தார். அதைக் கேட்டபோது, பாவம் என்று நினைக்க முதல், எனக்கு ஒரு சந்தோசம் வந்தது. அவர்களுக்கும் சொல்லாத ஒன்று உங்களிடம் இருந்திருக்கிறது.

அதை எனக்குச் சொல்லுங்கோ. கனவில் வந்தாலும் சரி. நானும் சத்தமாகச் சொல்லமாட்டேன், உங்களைப் போலவே தலை குனிந்து வாய்க்குள்தான் சொல்வேன். ஆனால் வாய்க்குள் சொல்லவும் பெயர் தெரியவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் பதில் தாருங்கோ.